நாளும் மணியும் எழுதாத உத்தரவு

என் விவாகரத்து உத்தரவில் மகளைப் பற்றி இருந்தவை இரண்டே வரிகள். பிள்ளை தாயின் பராமரிப்பில் இருப்பாள் என்பது முதல் வரி. தந்தைக்கு ‘அக்சஸ் யாங் முனாசபா’, அதாவது பிள்ளையைப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு என்பது இரண்டாவது வரி. அந்த ‘முனாசபா’ என்ற ஒரு சொல்லுக்காக இரண்டரை ஆண்டுகளையும், 17,000 வெள்ளியையும், என் அம்மாவின் நகைகளில் பாதியையும் கொடுத்தேன். நடுவில் 14 மாதங்கள். அந்த 14 மாதங்களில் மகளை 9 முறைதான் கண்ணால் பார்த்தேன். நாளைக்கோ அடுத்த வாரமோ நீங்களும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர் என்றால், பேனாவை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது. அதில் ஒரு பகுதி விற்கப்பட்டு தாமான் ஆனது. லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போயின. என் மகளின் அம்மாவும் அதே தோட்டத்துப் பெண்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மூன்று ஷிப்ட் வேலை. 2022 தொடக்கத்தில், இருவரும் சேர்ந்து மனு போட்டுப் பிரிந்தோம். அப்போது மகளுக்கு ஆறு வயது.

பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று நானே ஒப்புக்கொண்டேன். இதற்காக என் சொந்தக்காரர்கள் இன்றுவரை என்னைக் குறை சொல்கிறார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடுதான் தொடங்குகிறது. அதை உடைக்க வேண்டும் என்றால் அந்தத் தாயின் மேல் சேற்றை வாரி வீச வேண்டும். நான் வீசவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. என் தவறு வேறு இடத்தில் நடந்தது.

அந்தப் பத்து நிமிடம்

வழக்கறிஞர் அலுவலகம், கடைவீட்டு மாடி. அவள், அவளுடைய அண்ணன், நான். வழக்கறிஞர் வரைவைப் புரட்டியபடி, “பிள்ளையைப் பார்க்கிற நாள், நேரம் எழுதணுமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பேசினார். “நாள் கிழமை போட்டு எழுதுறதுக்கு நாம என்ன அந்நியமா, மாப்பிள்ளை? உங்க பிள்ளை. எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க.”

எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. ‘இல்லை, எழுதுங்கள்’ என்று சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். பிரியும் நேரத்திலாவது மரியாதையாகப் பிரிவோம் என்று தலையாட்டினேன். வழக்கறிஞர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நியாயமான’ என்றால் யார் கணக்கில் நியாயம், நாளைக்குச் சண்டை வந்தால் இந்தச் சொல் உங்களைக் காப்பாற்றுமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கட்டணம் வாங்கியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஏன் தலையாட்டினேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் எதையும் யாரும் எழுதியதில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் கோயில் தலைவர் கூப்பிட்டுப் பேசுவார். மாரியம்மன் கோயில் வாசலில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றது. அது நின்றதற்குக் காரணம் மனிதர்கள் அப்போது நல்லவர்களாக இருந்தார்கள் என்பதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையான காரணம் லயம். ஒரு வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அடுத்த வீடு. அப்பனிடம் பிள்ளையைக் காட்டாமல் ஒருவர் கதவைச் சாத்தினால், மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஆயாக் கொட்டகையில் பேசுவார்கள், தண்ணீர்க் குழாயடியில் பேசுவார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இன்றைக்கு நாம் இருப்பது தாமானில். முன்னால் இரும்பு கேட், அதற்குப் பின்னால் கிரில். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. கேட்டைத் திறக்காமல் விட்டால் பார்த்துக் கேட்க ஒருவரும் இல்லை. சொல்லுக்குக் காவலாக இருந்த லயம் போய்விட்டது. நான் மட்டும் லயத்துக்காரனாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டுக்கு வெளியே

முதல் மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு, பாப்பாவுக்குக் காய்ச்சல். பாப்பா தூங்குகிறாள். டியூஷன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம். இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், காலை எட்டு மணிக்கு ஈப்போவிலிருந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். கிரில் பூட்டியிருக்கும். ‘கண்ட நேரத்தில் வந்து நிற்கிறார்’ என்று அவர்கள் பிற்பாடு அபிடவிட்டில் எழுதினார்கள். ஷிப்ட் வேலை செய்கிறவன் கிடைத்த நேரத்தில்தான் வர முடியும். நேரம் எழுத வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள் தரப்புதான்.

ஒரு நாள் உத்தரவை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனேன். பணியில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். முத்திரை வைத்த தாளை வாங்கி முழுவதும் படித்தார். பிறகு விரலை அந்த வரியில் வைத்து, “இன்றைக்கு, இந்த மணிக்கு என்று இதில் எங்கே இருக்கிறது?” என்று மலாயில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இது சிவில் விவகாரம், ரிப்போர்ட் மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு கேள்வியில் என் வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த வழக்கறிஞர்தான் விளக்கிச் சொன்னார். உத்தரவை மீறியதாக ஒருவர் மேல் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் உத்தரவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். முடிவு சிறைவரை போகக்கூடும் என்பதால், மீறலைக் குற்றவழக்கு மாதிரி ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ‘நியாயமான’ என்ற சொல்லை மீறினார் என்று எப்படி நிரூபிப்பது? மாதம் ஒரு முறை காட்டினேன், அதுதான் நியாயம் என்று அவள் சொன்னால் முடிந்தது கதை.

இதில் என்னை அதிகம் சுட்டது வேறொன்று. அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோர் எந்த நேரங்களில், எத்தனை முறை பார்க்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. சட்டமே நேரத்தையும் எண்ணிக்கையையும் பேசுகிறது. நாங்கள்தான் அதை அழித்துவிட்டு ‘முனாசபா’ என்று எழுதிக்கொண்டோம்.

ஈப்போவில் நடந்த பெரிய வழக்கு

என் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்லும்போதெல்லாம் ஒருவரை நினைத்துக்கொள்வேன். ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை மு. இந்திரா காந்தி. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். தாய்க்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையாக இருந்த கடைசி மகளைத் தன்னோடு கொண்டுபோனார். 2010 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பையும் தாய்க்கே கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே ஷரியா நீதிமன்றம் தந்தைக்குக் கொடுத்திருந்தது. பிள்ளை வரவில்லை. 2014 மே மாதம் அதே உயர் நீதிமன்றம் அந்தத் தந்தையை அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இரண்டு நீதிமன்றங்களின் இரண்டு உத்தரவுகள் எதிரெதிராக இருக்கின்றன என்று காவல் துறை அவரைப் பிடிக்காமல் நின்றது. அவரைக் கைது செய்யும் பிடியாணையை நிறைவேற்றும்படி தேசியப் போலீஸ் படைத் தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2016 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29ஆம் தேதி, பெற்றோரில் ஒருவர் மட்டும் செய்த அந்த மதமாற்றம் செல்லாது என்று அதே கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் தீர்ப்புச் சொன்னார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் இந்திரா ஜெயித்தார். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தாயின் மடிக்கு மகள் வந்து சேரவில்லை.

என் வழக்கு அதன் கால்தூசுக்கும் சமம் ஆகாது. எங்களுக்குள் மதச் சிக்கல் இல்லை, தலைமறைவும் இல்லை. ஆனாலும் அவர் வழக்கு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, தீர்ப்பை நடத்திக் காட்டுவது வேறு வேலை. முதல் வேலை முடிந்த அன்றே இரண்டாவதற்குத் தயாராகிவிட வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒரு தாய்க்கே இவ்வளவு கடினம் என்றால், ஓட்டை உத்தரவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

இன்னொரு வழக்கும் உண்டு. சிரம்பானைச் சேர்ந்த தீபா சுப்பிரமணியத்துக்கு 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தது. இரண்டே நாளில் மகனைத் தந்தை கொண்டுபோய்விட்டார். 2016இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதிகள் பிள்ளைகளிடமே பேசினார்கள். பிறகு மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டார்கள். பிள்ளை யாரோடு எவ்வளவு காலம் இருந்ததோ, அந்தக் காலமே ஒரு சாட்சியாகிவிடுகிறது. பிள்ளையின் வாழ்க்கையை அடிக்கடி இடம் மாற்றிக் கலைக்கக் கூடாது என்று 88ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்று உங்களிடம் சொல்கிறவர் உங்கள் நாட்களைத்தான் கரைக்கிறார். நான் மச்சானின் பேச்சை நம்பி ஐந்து மாதம் பொறுத்தேன். அந்த ஐந்து மாதத்தில் மகள் என் மோட்டாரில் ஏறப் பயப்பட ஆரம்பித்துவிட்டாள்.

புதிய உத்தரவில் என்ன எழுதினோம்

அதே 1976 சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி, சூழ்நிலை மாறிவிட்டால் பராமரிப்பு உத்தரவைத் திருத்தக் கேட்கலாம். விண்ணப்பம், அபிடவிட், பதில் அபிடவிட், தவணை, மறுபடி தவணை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஈப்போ நீதிமன்றத்துக்குப் போய்வந்த கணக்கை எழுதிப் பயனில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். பத்து மாதம் ஆனது. கையில் பணமில்லாதவர்கள் முதலில் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் இலவச சட்ட உதவி மையத்தையும் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஈப்போவில் இருக்கின்றன.

2023 ஜூலையில் வந்த உத்தரவு இரண்டரைப் பக்கம். அதில் இருப்பவற்றை அப்படியே உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணிவரை. எந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதும் எழுதப்பட்டது. இதை விட்டுவிட்டால் ‘இது உங்கள் வாரம் இல்லை’ என்று சண்டை வரும்.

ஒப்படைக்கும் இடம், இரு வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பெட்ரோல் நிலையம். யார் வீட்டு வாசலும் வேண்டாம். வாசல் என்றால் அத்தை வருவார், மச்சான் வருவார், பேச்சு வளரும். உங்களுக்கும் அப்படி ஒரு மச்சான் இருப்பார்.

எனக்கு ஷிப்ட் மாறினால் 48 மணி நேரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், அந்த நாளுக்கு ஈடாக அடுத்த வாரம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கிளினிக் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதற்கும் ஈட்டு நாள் உண்டு. இந்த ஒரு வரி வந்த பிறகு காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

புதன்கிழமை இரவு 8 முதல் 8.30 வரை வீடியோ அழைப்பு. பள்ளி விடுமுறையில் முதல் பாதி தாய், பிற்பாதி தந்தை. தீபாவளி இரட்டைப்படை ஆண்டில் தாயிடம், ஒற்றைப்படை ஆண்டில் தந்தையிடம். தைப்பூசம் அதற்கு நேர்மாறு. நம் ஆட்கள் பண்டிகையை எழுத மறந்துவிடுகிறார்கள். சண்டை வருவது அந்த நாளில்தான். பேராக்கில் தைப்பூசம் பொது விடுமுறை. குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு ஈப்போவே திரண்டு போகிற அன்று, பிள்ளை எந்தப் பக்கத்துக் காவடியோடு நடப்பது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. இந்த உத்தரவை மீறினால் சிறைக்குப் போக நேரிடும் என்ற எச்சரிக்கையை உத்தரவின் நகலிலேயே பொறிக்க வேண்டும். அதை எதிர்த் தரப்பின் கையில் நேரில் கொடுக்கவும் வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 45ஆவது ஆணை கேட்பது இது. எச்சரிக்கை இல்லாத, கையில் கொடுக்காத உத்தரவை வைத்துக்கொண்டு அவமதிப்பு வழக்குக்குப் போனால் தடுக்கி விழுவீர்கள். என் முதல் உத்தரவில் இதுவும் இல்லை.

பெற்றவளைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தவன்

2023 தீபாவளி நவம்பர் 12. ஒற்றைப்படை ஆண்டு, என் முறை. காலை 10 மணிக்குப் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். மகளுக்குப் பச்சைப் பாவாடை சட்டை வாங்கி வைத்திருந்தேன். மதியம் 1 மணிவரை நின்றேன். யாரும் வரவில்லை. புதிய உத்தரவுக்குப் பிறகு அது மூன்றாவது முறை.

நான் கத்தவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர் வாங்கி, மணி அச்சிட்ட ரசீதை எடுத்துவைத்தேன். ‘வந்துவிட்டேன், காத்திருக்கிறேன்’ என்று ஒரு செய்தி. ‘1 மணி ஆகிவிட்டது, கிளம்புகிறேன்’ என்று இன்னொரு செய்தி. நோட்டில் தேதி, நேரம், இரண்டு வரி. வரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் போய் நில்லுங்கள். போகாதவனுக்கு மறுக்கப்பட்டது என்று எவரும் சொல்ல முடியாது. ஜீவனாம்சத்தையும் வங்கி வழியே மட்டும் கட்டுங்கள். முதல் ஆண்டு முழுவதும் நான் மாதம் 600 வெள்ளியைக் கையில் கொடுத்தேன். ‘ஆறு மாதம் கட்டவில்லை’ என்று அபிடவிட்டில் வந்தபோது காட்ட ஒரு தாள்கூட இல்லை. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் செய்யாதீர்கள். இரண்டும் வேறு வேறு கடமை. நிறுத்தினால், நீதிபதி முன் நீங்களும் உத்தரவை மீறியவராக நிற்பீர்கள்.

2024 ஜனவரியில் அவமதிப்பு நடவடிக்கைக்கு அனுமதி கேட்டு மனு போட்டேன். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி, பிறகுதான் விசாரணை. அனுமதி கிடைத்ததும் ஊரே பேசியது. பெற்றவளை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறான் என்றார்கள். என் சொந்த அத்தையே ஒரு கல்யாண வீட்டில் என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தேவைப்பட்டது சிறை இல்லை, சனிக்கிழமை. 14 மாதம் நான் கேட்டுக்கு வெளியே நின்றபோது, ‘பாவம், பெற்றவன்’ என்று ஒருவரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. நான் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் அத்தனை பேருக்கும் குடும்ப மானம் நினைவுக்கு வந்தது.

விசாரணை நாளில் அவள் மன்னிப்புக் கேட்டாள், இனி அட்டவணைப்படி நடப்பதாக நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தாள். நீதிபதி ஏற்றுக்கொண்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று மச்சான் வரவில்லை. ‘எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க’ என்று சொன்ன மனிதர், அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளில் தங்கையைத் தனியாக நிற்கவிட்டார். வாய்ச்சொல்லின் மதிப்பு அவ்வளவுதான் என்பதை அவளும் அன்று தெரிந்துகொண்டிருப்பாள்.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருத்த விண்ணப்பத்தின்போது நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ‘அம்மாகிட்ட சொல்லு’ என்று பிள்ளையிடம் ஒரு செய்திகூடக் கொடுத்தனுப்பாதீர்கள். மோட்டாரில் ஏறப் பயந்தவள் மறுபடி ஏற எட்டு சனிக்கிழமைகள் ஆனது. அந்த எட்டு சனிக்கிழமையும் நான் அவளோடு பஸ்ஸில் போனேன்.

2025 தீபாவளி என் வீட்டில். விடியற்காலை எண்ணெய் வைத்தது என் அம்மா. 2026 தீபாவளி அவள் அம்மாவின் வீட்டில், 2027 மறுபடி இங்கே. இதை நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, யாரும் எனக்குப் பெருந்தன்மை காட்டவும் வேண்டியதில்லை. தாளில் இருக்கிறது.

ஆகவே, கையெழுத்துப் போடப் போகிறவர்களே, உங்கள் வரைவை எடுத்து அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். ‘முனாசபா’ என்று இருந்தால் அடியுங்கள். அந்த இடத்தில் நாள், மணி, இடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ‘நமக்குள்ள எதுக்கு’ என்று யாராவது சொன்னால், எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.